போன் திரையின் வெளிச்சத்தில் முகப்பரு போகுமா?

கேள்வி இதுதான்: ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, போன் திரை நீலமும் சிவப்புமாக மாறி மாறி ஒளிரும்போது அதைத் தினமும் சில நிமிடம் பரு உள்ள இடத்தில் காட்டினால் பரு அடங்கிவிடும் என்கிறார்கள். தோல் மருத்துவர்களே ஒளிச் சிகிச்சை செய்கிறார்களே, அப்படியானால் இதுவும் ஓரளவாவது வேலை செய்யத்தானே வேண்டும்?

செய்யாது. ஒளியால் முகப்பருவைக் குறைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய ஒளி போன் திரையில் இல்லை. நிறமும் வேறு, அளவும் போதாது. "ஒளி பருவைக் குணமாக்கும்" என்ற பாதி உண்மையை வைத்துத்தான் இந்தச் செயலிகள் விற்கப்படுகின்றன. அதனால்தான் கேட்பதற்கு நம்பும்படி இருக்கிறது. விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை புரிந்துவிட்டால் இதே மாதிரி வரும் மற்ற விளம்பரங்களையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

இந்தக் கதை புதிதல்ல. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இப்படிப்பட்ட இரண்டு செயலிகள் மீது நடவடிக்கை எடுத்தது. ஒன்று ஐபோனுக்கான 'ஆக்னி ஆப்', விலை 1.99 டாலர். இன்னொன்று ஆண்ட்ராய்டுக்கான 'ஆக்னி போனர்', விலை 99 சென்ட். முதலாவதை ஏறக்குறைய 11,600 பேரும் இரண்டாவதை ஏறக்குறைய 3,300 பேரும் இறக்கியிருந்தார்கள். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான்: திரையில் வண்ண ஒளி வரும், அதைத் தினமும் சில நிமிடம் தோலருகே பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்றது ஆணையம். விற்றவர்கள் முறையே 14,294 டாலரும் 1,700 டாலரும் கட்டுவதாகவும், ஆதாரம் இல்லாமல் இனி இப்படிச் சொல்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள். மருத்துவப் பலன் தருவதாகச் சொன்ன போன் செயலிகள் மீது அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை இதுதான்.

அந்த வழக்கில் நமக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. 'ஆக்னி ஆப்' தன் விளம்பரத்தில் ஒரு நிஜமான ஆய்வைச் சுட்டிக்காட்டியது. பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், நீலமும் சிவப்பும் கலந்த ஒளியால் பரு 76 சதவீதம் குறைந்தது என்று போட்டிருந்தார்கள். அந்த ஆய்வு இருக்கிறது. அந்த 76 சதவீதமும் அதில் இருக்கிறது. இன்றுவரை இந்த எண் விளம்பரத்துக்கு விளம்பரம் தாவிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த ஆய்வில் என்னதான் செய்தார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அது. லேசானதிலிருந்து நடுத்தர அளவுவரை முகப்பரு இருந்த 107 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நீல ஒளி மட்டும், ஒரு குழுவுக்கு நீலமும் சிவப்பும், ஒரு குழுவுக்குச் சாதாரண வெள்ளை ஒளி, நான்காவது குழுவுக்குப் பருவுக்குப் பூசும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கிரீம். ஒளிக் குழுக்களில் இருந்தவர்கள் தினமும் 15 நிமிடம், 12 வாரம், விளக்கின் முன் உட்கார்ந்தார்கள். நீல விளக்கின் அலைநீளம் (ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அளவு) 415 நானோமீட்டர், சிவப்பின் அலைநீளம் 660. தோலில் விழுந்த நீல ஒளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.23 மில்லிவாட், சிவப்பு 2.67 மில்லிவாட். நீலமும் சிவப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12 வாரத்தின் முடிவில் சிவந்து வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன.

வெள்ளை ஒளிக் குழுவைக் கவனியுங்கள். எல்லாப் பரிசோதனை நாட்களிலும் அது கலப்பு ஒளிக் குழுவைவிடப் பின்தங்கியே இருந்தது. அதாவது, ஏதோ ஒரு வெளிச்சம் முகத்தில் பட்டால் போதும் என்ற எண்ணத்தை அந்த ஆய்வே மறுக்கிறது. எந்த நிறம், எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏன் அந்தக் குறிப்பிட்ட நிறம்? தோல் துளைகளுக்குள், எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டி, கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. பழைய புத்தகங்களில் புரோபியோனிபாக்டீரியம் என்று இருக்கும். பரு இல்லாதவர்களின் தோலிலும் இது உண்டு. துளை அடைபட்டு, உள்ளே எண்ணெய் தேங்கும்போது இது பெருகி அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. இந்தப் பாக்டீரியா தன் உடலுக்குள் போர்ஃபிரின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கிறது. தோல் மருத்துவர்கள் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை முகத்தில் காட்டினால், மூக்கின் மேலும் கன்ன ஓரத்திலும் துளைக்கு ஒரு புள்ளியாக ஆரஞ்சு கலந்த சிவப்பில் மின்னும். அந்த மினுமினுப்பு போர்ஃபிரினிலிருந்து வருவது. 415 நானோமீட்டரை ஒட்டிய ஊதா கலந்த நீல ஒளியை இந்தப் போர்ஃபிரின் மிக நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றல் பக்கத்திலுள்ள ஆக்ஸிஜனுக்குப் போய், அதைக் கடுமையாக வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த ஆக்ஸிஜன் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்துவிடும். பாக்டீரியா தன்னைத் தானே அழித்துக்கொள்வதற்கான பொருளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அழகு.

சரி, இப்போது போனுக்கு வருவோம்.

திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள் இருக்கின்றன. செயலி எதுவாக இருந்தாலும், அதனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மூன்றில் எது எவ்வளவு ஒளிர வேண்டும் என்று சொல்வது. அந்த விளக்குகளின் அலைநீளம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது, மென்பொருளால் அதை மாற்ற முடியாது. திரையின் நீலம் ஏறக்குறைய 450 முதல் 460 நானோமீட்டரில் உச்சம் கொள்கிறது. போர்ஃபிரின் விரும்பி உறிஞ்சும் இடத்திலிருந்து அது வெகு தூரம். அந்த உறிஞ்சும் திறன் 415-ஐத் தாண்டியதும் செங்குத்தாகச் சரிந்துவிடும். 450-க்கு வரும்போது மிகச் சிறிய பங்குதான் மிஞ்சுகிறது.

"என் செயலியில் ஊதா நிறமும் வருகிறதே" என்று சிலர் கேட்பார்கள். திரையில் தெரியும் ஊதா என்பது சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக எரியவிட்டு நம் கண்ணை நம்பவைப்பது. அந்தப் புள்ளியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிவப்புத் துண்டும் ஒரு நீலத் துண்டும்தான் தெரியும். 415 நானோமீட்டர் ஒளி அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கண்ணை இப்படி நம்பவைக்கலாம். ஆனால் போர்ஃபிரின் மூலக்கூறுக்கு வேண்டியது அந்த அலைநீளமேதான். போதாக்குறைக்கு, கண்ணுக்கு இதமானவை என்று இப்போது வரும் திரைகளில் நீலத்தின் உச்சத்தை இன்னும் நீண்ட அலைநீளத்துக்கு வேண்டுமென்றே நகர்த்துகிறார்கள். திரைகள் 415-ஐ விட்டு மேலும் விலகித்தான் போகின்றன.

அடுத்தது அளவு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், அதிக நேரம் காட்டினால் ஈடுகட்டிவிடலாமே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை.

ஆய்வில் நீல ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 4.23 மில்லிவாட், 15 நிமிடம் என்றால் 900 விநாடி. பெருக்கினால் ஒரு நாளைக்கு சுமார் 3,800 மில்லிஜூல், அதாவது 3.8 ஜூல் ஆற்றல். 12 வாரத்துக்கு 320 ஜூல். இதுதான் அவர்கள் கொடுத்த மருந்தளவு. போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளை நிறத்தில் பொதுவாக 500 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) அளவுக்கு ஒளிரும். அந்த வெள்ளையின் பிரகாசத்தில் நீலத்தின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம்தான். இதை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால், திரையைத் தோலோடு ஒட்டவே வைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிவாட் நீல ஒளிதான் கிடைக்கும் என்று வருகிறது. போனுக்குப் போன் இது மாறும். வெயிலில் தானாகப் பிரகாசம் கூடும் திரைகளில் இரண்டு மடங்குகூட வரலாம். அப்படியும் ஆய்வு விளக்கை நெருங்கவே முடியாது. 0.3 மில்லிவாட்டை வைத்துக்கொண்டு அந்த 3.8 ஜூலை எட்ட மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரு கன்னத்துக்கு மூன்றரை மணி நேரம், தினமும், 12 வாரம். மறு கன்னத்துக்கு இன்னொரு மூன்றரை மணி, நெற்றிக்குத் தனி. இத்தனைக்குப் பிறகும் விழுந்திருப்பது தவறான அலைநீளத்தில் 3.8 ஜூல். செயலிகள் சொல்வது சில நிமிடம்.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். ஆறு அங்குலத் திரையின் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர். அதிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 4.23 மில்லிவாட் நீல ஒளி வர வேண்டுமானால் நீல ஒளி மட்டுமே 0.4 வாட்டுக்கு மேல் வெளியே வந்தாக வேண்டும். முழுத் திரையும் எல்லா நிறங்களும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரமே ஒன்றிரண்டு வாட்தான். அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட பொருளிடம் சிகிச்சை விளக்கின் ஒளியை எதிர்பார்க்க முடியாது.

சிவப்புக்கும் இதே கதைதான். ஆய்வில் இருந்தது 660 நானோமீட்டர், திரையில் இருப்பது 620-ஐ ஒட்டியது. அளவில் பார்த்தால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. சிவப்பு ஒளி பாக்டீரியாவைக் கொல்வதில் நீலத்தைவிடப் பலவீனம். ஆனால் தோலுக்குள் கூடுதல் ஆழம் போகும், அழற்சியைத் தணிக்க உதவும் என்று கருதப்படுகிறது. அந்த உதவிக்கும் போதிய ஒளி போய்ச் சேர வேண்டும் அல்லவா?

மருந்து என்றால் எல்லோருக்கும் இது உடனே புரிகிறது. காய்ச்சல் மாத்திரையைச் சுரண்டி அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக்கொண்டால் காய்ச்சல் இறங்காது என்று யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஒளி என்று வரும்போது மட்டும் அளவு மறந்துபோகிறது. அதற்குக் காரணம் நம் கண்தான் என்று நினைக்கிறேன். இருட்டறையில் போன் திரை கண்ணைக் கூசவைக்கிறது, அதனால் அது பலமான ஒளி என்று தோன்றுகிறது. ஆனால் 415 நானோமீட்டரில் நம் கண்ணின் உணர்திறன் மிக மிகக் குறைவு. பச்சை ஒளியை உணரும் திறனோடு ஒப்பிட்டால் அது சில நூறில் ஒரு பங்குதான். ஒரு நிஜமான சிகிச்சை விளக்கு தன் ஆற்றலுக்கு ஏற்ற பிரகாசத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை. போன் திரையோ குறைந்த மின்சாரத்தில் கண்ணுக்கு அதிகப் பிரகாசம் தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. இரண்டும் நேர் எதிரான நோக்கத்தில் வடிவமைக்கப்பட்டவை. கண்ணை அளவுகோலாக வைத்து இதில் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

இதே கணக்கு இன்னொரு பயத்தையும் போக்கும். போனின் நீல ஒளியால் தோல் கறுக்கும், சுருங்கும் என்று சொல்லி அதற்கென்று தனி கிரீம்கள் விற்கிறார்கள். சாதாரணமாக நாம் பிடிக்கும் தூரத்தில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில், முகத்தில் விழும் ஒளி திரையை ஒட்டவைத்தால் கிடைப்பதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. உச்சி வெயிலில் நின்றால் 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி மட்டுமே சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிவாட்டைத் தாண்டும். போன் அதன் பக்கத்தில்கூட வராது. பருவைக் குணமாக்கவும் போதாத வெளிச்சம், தோலைக் கெடுக்கவும் போதாத வெளிச்சம் அது.

அப்படியானால் வெயிலிலேயே முகத்தைக் காட்டலாமே என்று தோன்றுகிறதா? வேண்டாம். சூரிய ஒளியில் 415-ம் இருக்கிறது, கூடவே புற ஊதாக் கதிர்களும் இருக்கின்றன. தோல் எரியும், பரு ஆறிய இடத்தில் கறுப்பு அழுத்தமாகப் படியும், பரு மருந்துகள் சிலவற்றோடு சேரும்போது எரிச்சல் இன்னும் கூடும், நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு.

போனின் டார்ச் விளக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் வெள்ளை ஒளியும் 450-ஐ ஒட்டிய நீல எல்.ஈ.டி.-யின் மேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்குவதுதான். அதன் மேல் நீல நிறத்தாள் ஒட்டினால் மற்ற நிறங்கள் வடிகட்டப்படும், அவ்வளவுதான். இல்லாத 415 அதில் புதிதாக வந்துவிடாது. போனில் செருகிக்கொள்ளும் தனி எல்.ஈ.டி. கருவி ஏதாவது இருந்தால், அங்கே போன் வெறும் பேட்டரி. கருவியின் அலைநீளத்தையும் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதையும் பார்த்துத்தான் அதைப் பற்றிப் பேச முடியும். இந்த இரண்டு எண்களையும் சொல்லாத எந்த ஒளிக் கருவியையும், அது போனாக இருந்தாலும் முகமூடியாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனி, சரியான கருவிகளால் எவ்வளவு பலன் என்று பார்ப்போம். இதிலும் மிகைப்படுத்தக் கூடாது. நடுத்தர அளவிலான, சிவந்து வீங்கும் வகைப் பருவுக்குக் குறுகிய அலைநீள நீல ஒளிக் கருவியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-லேயே அனுமதித்தது. அதன்பின் கையடக்கக் கருவிகள், முகமூடிகள் எல்லாம் வந்தன. 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒளிச் சிகிச்சை பற்றிய 71 ஆய்வுகளை, மொத்தம் 4,211 பேர் பங்கேற்றவற்றை, ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்தது. உயர்தரமான ஆதாரம் போதவில்லை என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு அளவையும் பயன்படுத்தியவை. பலன் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. லேசான, நடுத்தரப் பருவில் சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் இதை முதல் மருந்தாக நம்பும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அதற்குக் காரணமும் புரியக்கூடியதே. பரு உண்டாக நான்கு விஷயங்கள் சேர வேண்டும்: எண்ணெய் அதிகம் சுரப்பது, இறந்த செல்கள் துளையை அடைப்பது, பாக்டீரியா, அழற்சி. நீல ஒளி முக்கியமாகத் தொடுவது மூன்றாவதை. கரும்புள்ளிகளும் அடைப்புகளும் அதனால் பெரிதாகக் கரைவதில்லை. நீல ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இறங்குவதில்லை என்பதால் ஆழத்தில் இருக்கும் கட்டிகளை அது எட்டாது. ஒளியை நிறுத்தியதும் பாக்டீரியா மீண்டும் பெருகும். அதனால்தான் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. தோலில் ஒரு மருந்தைப் பூசி, போர்ஃபிரினைச் செயற்கையாகப் பெருக்கி, பிறகு ஒளி பாய்ச்சும் ஒளியியக்கச் சிகிச்சை இன்னும் பலமானது. எரிச்சலும் சிவப்பும் அதில் அதிகம், மருத்துவர் கையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

நிஜக் கருவிக்கு நிஜமான ஆபத்தும் உண்டு. வீட்டில் பயன்படுத்தும் நியூட்ரோஜினா ஒளி முகமூடியை 2019-ல் அந்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சிலவகை விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மாநிறமும் கருமையும் உள்ள தோலுக்கு இன்னொரு எச்சரிக்கை: 415 நானோமீட்டர் ஒளியை அதிக அளவில் பாய்ச்சியபோது, நிறமி அதிகமுள்ள தோலில் நீடித்து நிற்கும் கருமை உண்டானது 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. 630 நானோமீட்டர் சிவப்பில் அது நிகழவில்லை. பரு போன பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்பதுதான் நம்மில் பலருக்குப் பருவைவிடப் பெரிய கவலை. அதனால் வீட்டுக் கருவி வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

"ஆனால் நான் போனைக் காட்டிய பிறகு எனக்குக் குறைந்ததே!" இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. குறைந்திருக்கும். ஒரு சிவந்த பரு தானாகவே ஒன்றிரண்டு வாரத்தில் அமுங்கிவிடும். நாம் எப்போது புதிதாக ஒன்றைத் தேடிப் போய்த் தொடங்குகிறோம்? முகம் மிக மோசமாக இருக்கும் நாளில். அதன் பிறகு எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தப் பெருமை செயலிக்குப் போய்விடுகிறது. கூடவே, சிகிச்சை தொடங்கிய உற்சாகத்தில் முகத்தைக் கிள்ளாமல் விடுகிறோம், ஒழுங்காகக் கழுவுகிறோம், ஒரு கிரீமும் போட்டுக்கொள்கிறோம். ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு வைப்பதே இதைப் பிரித்துப் பார்க்கத்தான்.

பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. போனைத் தோலில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த உராய்வே சிலருக்குப் பருவைத் தூண்டும். அதைவிடப் பெரிது, போகும் காலம். அழற்சியுள்ள பரு எவ்வளவு நாள் சிகிச்சையில்லாமல் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் குழித் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. பருவை அடக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன, விழுந்த குழியை முழுதாக நிரப்பும் மருந்து இல்லை. பதினைந்து பதினாறு வயதில் கண்ணாடியைப் பார்க்கவே கூசிக்கொண்டு, யாரிடமும் கேட்கத் தயங்கி, செயலியை நம்பி மாதங்களைக் கழிக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்போது என்னதான் செய்வது? லேசான பருவுக்கு, உறுதியான ஆதாரம் உள்ள பூச்சு மருந்துகள் இரண்டு: பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன். முதலாவது பாக்டீரியாவைக் கொல்கிறது, பாக்டீரியா அதற்குப் பழகிப்போவதும் இல்லை. 2.5 சதவீதமே பலருக்குப் போதும், வலிமையைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும். துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் போய்விடும், வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள். அடாபலீன் துளை அடைபடுவதையே தடுக்கிறது. இரவில், முகம் நன்றாக உலர்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பலன் குறைவு, அடுத்து வரப்போகும் பரு பக்கத்துத் துளையில்தானே உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் சில வாரம் தோல் உலரும், உரியும், சிலருக்குப் பரு கூடுவது போலவும் தெரியும். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, ஈரப்பதக் கிரீமும் சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். எதுவானாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலானோர் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பருவுக்கும் நிறத்துக்கும் என்று யாராவது கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தொடாதீர்கள். இரண்டு நாளில் முகம் பளிச்சென்று ஆகும், சில வாரத்தில் முன்பைவிட மோசமான பரு கிளம்பும், தோலும் மெலிந்துபோகும். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஆழமான வலியுள்ள கட்டிகள், தழும்பு விழத் தொடங்கியிருப்பது, மாதவிலக்குத் தவறுவதோடு முகத்தில் முடி வளர்வது, மூன்று மாதம் ஒழுங்காக மருந்து போட்டும் அடங்காதது, இவற்றில் ஏதாவது இருந்தால் தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்சிசைக்ளின் மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினோயின் என்று அவர்களிடம் வழிகள் இருக்கின்றன. ஐசோட்ரெடினோயின் மிகப் பலமானது. ஆனால் கருவுக்குப் பெரும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால் கண்காணிப்பில்லாமல் சாப்பிடவே கூடாத மருந்து.

போனை இங்கே ஒரு வேலைக்கு நன்றாகப் பயன்படுத்தலாம். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், அழகூட்டும் வடிகட்டி எதுவும் போடாமல், நேராகவும் இரண்டு பக்கமும் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பதில் மெதுவான மாற்றம் தெரியாது, எட்டு வாரப் படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும், இதுவரை முகத்தில் போட்ட கிரீம்களின் குழாய்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.